அந்தியகாலக் காட்சிகள்: "மரண வேளையில்" என்னும் நூலின்மேல் ஓர் ஆராய்ச்சி

மூப்பினாலும் நெடும்பிணியினாலும் உடல் தளர்ந்து, உயிர் நீங்கும் எல்லையை அணுகினார் பலர், அருகிருப்பார் கண்ணுக்குப் புலனாகாத உருவங்களைக் காண்பதும், அவற்றோடு உரையாடுவதும் எந்நாட்டினும் எக்காலத்தும் நிகழ்வனவே. பல்லாண்டுகட்கு முன் இறந்த தாய் தலைமாட்டில் வந்து நிற்கின்றாள் என்று மகிழ்வார் சிலர். கரிய ஆட்கள் இருவர் வாயிற்படியில் நின்று அழைக்கின்றனர் என்று நடுங்குவார் சிலர். அறியாத சிறு பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி விளையாடுகின்றனர் என்று வியப்பின்றியும் அச்சமின்றியும் கூறுவார் சிலர். இவற்றைக் கேட்கும் சுற்றத்தார் பெரும்பாலும் இரு திறத்தர். ஒரு திறத்தார், "காலன் தூதர் வந்துவிட்டனர், இனி மருந்து எதற்கு?" என்று கைவிடுவர். மற்றொரு திறத்தார், "அறிவு கலங்கிப் பிதற்றுகின்றார், பேசாதிரும்" என்று வாயடக்குவர். இவ்விரு முடிபும் ஆராயாது கொள்ளப்படுவன. இவற்றாற் கேடுறுபவர் படுக்கையிற் கிடக்கும் முதியவரே.

இப்பொருள் பற்றி மேனாட்டில் எழுந்த நூல்களுட் பெரும் பெயர் பெற்றது, லாட்வியா நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கார்லிஸ் ஓசிஸ் என்பாரும், ஐசுலாந்து நாட்டு உளநூற் பேராசிரியர் எர்லெண்டூர் ஹரால்ட்சன் என்பாரும் கூடி இயற்றி 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலாகும். "மரண வேளையில்" என்பது அதன் பெயரின் பொருள். அமெரிக்காவோடு வட இந்தியாவையும் ஆராய்ச்சிக் களமாகக் கொண்டமையாலும், எமதூதரைக் கண்ட நோயாளரைப் பற்றிக் கூறுதலாலும், அந்நூல் இந்நாட்டார்க்கு அயலான செய்தியன்று. மறுமை உண்டென்னும் கொள்கைக்கு இதுவே சான்றென அதனை எடுத்துக்காட்ட விரும்புவோரும் உளராகலின், அது நிறுவப் புகுந்தது யாது, நிறுவியது யாது என்று பகுத்துணர்தல் வேண்டும்.

நூலின் வரலாறும் பொருளும்

இத்துறையில் இவர்க்கு முன்னோடி, டப்ளின் நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் வில்லியம் பாரெட் என்பார். அவர் தொகுத்த "மரணப்படுக்கைக் காட்சிகள்" என்னும் சிறு நூல், அவர் 1925-இல் மறைந்தபின், 1926-இல் வெளிவந்தது. அதன் தலையாய நிகழ்ச்சி, மருத்துவராகிய அவர்தம் மனைவியார் 1924 சனவரியில் இலண்டன் மகப்பேற்று மருத்துவமனையொன்றிற் கண்டதாகும். மகப்பேற்றின்பின் இறக்குந் தறுவாயிலிருந்த இளந்தாயொருத்தி, முன்னரே இறந்த தன் தந்தை வந்திருப்பதாகக் கூறி மகிழ்ந்தாள். பின்னர்த் தன் தமக்கையும் அவரோடு நிற்பது கண்டு திகைத்தாள். அத்தமக்கை சில கிழமைகட்கு முன்னர் இறந்திருந்தாள். அச்செய்தி நோயாளிக்கு மறைக்கப்பட்டிருந்தது.

ஓசிஸ் இத்தகைய தனிநிகழ்ச்சிகளோடு அமையாது, தொகை நோக்கில் ஆராயப் புகுந்தார். அவர் மருத்துவரும் செவிலியருமாகிய 10,000 பேருக்கு வினாத்தாள் விடுத்து, விடையளித்த 640 பேரின் கூற்றுக்களைத் தொகுத்து 1961-இல் வெளியிட்டார். அதன்பின் அமெரிக்காவில் 5,000 பேருக்கு விடுத்த வினாத்தாள்கட்கு ஏறத்தாழ 1,000 பேர் விடை தந்தனர். 1972, 1973-ஆம் ஆண்டுகளில் ஹரால்ட்சனோடு வட இந்தியா போந்து, மருத்துவரும் செவிலியருமாக ஏறத்தாழ 700 பேரை நேரிற் கண்டு வினவினர். இவற்றின் தொகுப்பே 1977-ஆம் ஆண்டு நூல்.

நூலாசிரியர் கொண்ட மேற்கோள், இக்காட்சிகள் நோயுற்ற மூளையின் வெறும் படைப்பல்ல, மரணத்தின் பின்னும் வாழ்வு உண்டென்பதைக் குறிப்பன என்பது. அதற்கு அவர் காட்டும் ஏதுக்களுள் முதன்மையானவை மூன்று. காட்சி கண்டாருட் பலர்க்கு மிகுந்த காய்ச்சலோ, மயக்கும் மருந்தோ, மூளைப் பிணியோ இல்லை. அவர் தெளிந்த அறிவோடு இருந்தனர் என்பது ஒன்று. இரு நாட்டினும், தோன்றிய உருவங்கள் நோயாளரை அழைத்துச் செல்லும் நோக்கத்தோடு வந்தன என்பது இரண்டு. பிழைப்போம் என்று நம்பியிருந்தாரும், போக விரும்பாதாரும் அவ்வுருவங்களைக் கண்டனராகலின், அவை ஆசை வடித்த கற்பனை ஆகா என்பது மூன்று.

சான்றின் தகுதி

ஏதுக்களை ஆராயுமுன், அவை நிற்கும் நிலத்தைச் சோதித்தல் முறை. 10,000 பேரை வினவ 640 பேர் விடை தந்தனர் என்றால், நூற்றுக்கு 93 பேருக்கு மேற்பட்டோர் வாளாவிருந்தனர் என்பது பெறப்படும். அடுத்த வினாத்தாளுக்கோ ஐவருள் ஒருவரே விடை தந்தார். வியத்தகு நிகழ்ச்சி கண்டார் எழுதுதற்கு விரைதலும், ஒன்றும் காணாதார் தாளை ஒதுக்கிவிடுதலும் மக்கள் இயல்பு. ஆகவே இத்தொகைகளைக் கொண்டு இறப்பார் அனைவர் இயல்பும் இதுவென்று துணிதல் இயலாது. இந்தியாவில் நேரிற் கண்டு வினவியமையால் இக்குற்றம் குறைந்தது என்பது உண்மை. அதனை நூலின் சிறப்பாகவே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் ஈரிடத்தும் விடையளித்தவர் காட்சி கண்ட நோயாளர் அல்லர். அருகிருந்த மருத்துவரும் செவிலியருமே. அவர் கூறியதும் அன்றன்று எழுதிவைத்ததன்று. காலங் கடந்தபின் நினைவிற் கொண்டு உரைத்தது. நினைவு, வியப்பை வளர்த்துப் பிறவற்றைத் தேய்க்கும் இயல்பினது. "தெளிந்த அறிவோடு இருந்தார்" என்பதும் இத்தகைய நினைவின்பாற்பட்டதே. முதியோர்க்கு வரும் சன்னியில் கூவிப் புரளும் வகையேயன்றி, ஓசையின்றி அடங்கிக் கிடக்கும் வகையும் ஒன்றுண்டு. அது பழகிய மருத்துவர் கண்ணுக்கும் பலகாலும் தப்புவது.

முதல் ஏது

இனி, காட்சி கண்டார் தெளிந்த அறிவினரே என்று கொள்ளினும், அதனால் மேற்கோள் நிலைபெறுமோ எனின், நிலைபெறாது. தெளிந்த அறிவினர் இல்பொருளைக் காண்டல் இரண்டரை நூற்றாண்டுகட்கு முன்னரே அறியப்பட்டது. ஜெனீவா நகரத்து இயற்கை நூற்புலவர் ஷார்ல் போனே என்பார், 1760-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், தம் பாட்டனார் ஷார்ல் லுலேன் கண்ட காட்சிகளை விளக்கியுள்ளார். முன்னர் நகர நீதி ஆட்சியில் இருந்த அம்முதியவர் தொண்ணூறு ஆண்டை அணுகியவர். கண்புரை நோயாற் பார்வை குன்றியவர். அறிவும் நினைவும் குன்றாதவர். அவர்முன் ஆடவரும் மகளிரும் பறவைகளும் வண்டிகளும் மாளிகைகளும் தோன்றி, அசைந்து, மறைந்தன. அவை உள்பொருள் அல்ல என்பதை அவர் தாமே அறிந்திருந்தார். 1936-இல் டி மோர்சியே என்னும் மருத்துவர் இந்நிலைக்குப் போனேயின் பெயரையே இட்டார். கண்ணினின்று செய்தி குறையுங்கால், மூளையில் உருவங்களை அறிதற்குரிய பகுதி தானே தொழிற்பட்டு உருவங்களைத் தோற்றுவிக்கும் என்பது இக்காலத்து மருத்துவர் துணிபு.

எனவே "தெளிந்த அறிவோடு கண்டமையின்" என்னும் ஏது, உள்பொருட் காட்சியினும் உண்டு; லுலேன் கண்ட இல்பொருட் காட்சியினும் உண்டு. இரு பக்கத்தும் செல்லும் ஏதுவை அளவைநூலார் அனைகாந்திகம் என்னும் ஏதுப்போலியுள் வைப்பர். ஓசிஸ், ஹரால்ட்சன் ஆகியோர் நூலின் தலையாய ஏது இத்தகையது. சன்னியன்று என்று காட்டியது கொண்டு உண்மைக் காட்சியென்று முடித்தல், பாம்பன்று என்று கண்டவன், ஆயின் மாலையே என்று துணிதல் போலும். அது பழுதையாகவும் இருக்கலாம்.

இரண்டாம் மூன்றாம் ஏதுக்கள்

இரு நாட்டினும் உருவங்கள் அழைக்க வந்தன என்னும் ஏது, நூலின்கண் உள்ள செய்திகளாலேயே தளர்கின்றது. அமெரிக்க நோயாளர் மிகுதியும் கண்டது இறந்த சுற்றத்தாரை. இந்திய நோயாளர் மிகுதியும் கண்டது சமயத் தொடர்புடைய உருவங்களை. எமதூதர் வருகை இந்திய நிகழ்ச்சிகளுக்கே உரியது. போக மறுத்தலும் அஞ்சுதலும் இந்திய நோயாளரிடத்தே மிக்கிருந்தன. சத்வந்த் பஸ்ரிச்சா, இயான் ஸ்டீவன்சன் என்னும் இருவர், இறப்பின் வாயிலிருந்து மீண்ட இந்தியர் கூற்றுக்களைத் தொகுத்து 1986-இல் வெளியிட்ட கட்டுரையிலும், தூதர் ஆள்மாறிக் கொண்டுசென்று பிழையுணர்ந்து திருப்பி விடுத்தனர் என்னும் செய்தி வருகின்றது. மேனாட்டார் கூற்றுக்களில் அச்செய்தி காணப்படவில்லை. மார்க்கண்டேயர் வரலாற்றை இளமை தொட்டுக் கேட்டு வளர்ந்தார்க்குக் காலனும் பாசமும் நினைவிற் பதிந்திருத்தல் இயல்பு.

"உருவம் அவரவர் பழக்கத்திற்கேற்ப வேறுபடினும், அழைக்கும் நோக்கம் ஒன்றே" என்பர் நூலாசிரியர். உருவத்தை நினைவு தந்தது என்று உடன்பட்டபின், நோக்கத்தை மட்டும் நினைவு தந்ததன்று எனற்கு வேறு ஏது வேண்டும். அவ்வேது நூலிற் காட்டப்படவில்லை. இறுதி அணுகியதை உணர்ந்த உள்ளம், போதல் என்னும் எண்ணத்தை உருவகித்துக் காணுதலும் கூடும்.

பிழைப்போம் என்றிருந்தாரும் கண்டனர் என்னும் மூன்றாம் ஏது, முன்னையவற்றினும் வலியது. ஆயினும் ஆசை ஒன்றே உருவங்களைத் தோற்றுவிக்கும் என்று கொண்டார்க்கே அது மறுப்பாகும். அச்சமும் உடலின் உட்குறிப்பும் அவ்வாறே தோற்றுவித்தல் கூடும். மருத்துவர் "பிழைப்பார்" என்றது கொண்டு நோயாளர் உடல் அதனை ஒப்பிற்று என்பதும் இல்லை.

பாரெட் கூறிய மறைக்கப்பட்ட தமக்கையின் நிகழ்ச்சி இவற்றின் வேறாயது. அறியாத செய்தியை அறிந்தது உண்மையாயின், நினைவு தந்தது என்னும் விடை அதன்கண் செல்லாது. ஆயின் நோயறையில் மறைத்த செய்தி, அருகிருப்பார் முகத்தானும் மெல்லப் பேசிய சொல்லானும் வெளிப்படாமற் காத்தல் அரிது. ஆதலின் அதனைப் பொய்யென்று தள்ளுதலும், மெய்யென்று துணிதலும் ஆகா. ஐயக் காட்சி ஐயமாகவே நிற்றற்குரியது. ஒருவர் விருப்பத்தாற் துணிவாக மாறாது.

சைவர் கொள்ளத்தக்கது

இங்ஙனம் கூறுதல் மறுமையை மறுத்தலாய் முடியாதோ எனின், முடியாது. ஒரு கொள்கைக்குக் காட்டிய சான்று ஒன்று போதாது என்பதற்கும், அக்கொள்கை பொய் என்பதற்கும் வேற்றுமை பெரிது. சைவ சித்தாந்தம் மறுபிறவியை வினையின் இயல்பு பற்றிய அனுமானத்தானும் நூலுரையானும் நிறுவுவது. நோயாளர் கூற்றுக்களின் தொகையைச் சார்ந்து நிற்பதன்று. வலியற்ற சான்றைத் தூணாக நாட்டினார், அது சாய்ந்த அன்று கூரையும் சாய்ந்ததெனப் பிறர் நகைத்தற்கு இடஞ்செய்தவராவர்.

மூளையின் மாறுபாட்டாற் காட்சி தோன்றும் என்னும் மருத்துவர் கூற்றும் சைவர்க்கு அச்சந் தருவதன்று. உயிர் கருவிகளைக் கொண்டே அறியும். கருவி குறையின் அறிவும் திரியும் என்பது சித்தாந்தத்தின் துணிபே. நனவில் முப்பத்தைந்தாய் நின்ற கருவிகள் கனவில் இருபத்தைந்தாகும் என்றும், புறப்பொறிகள் பத்தும் நீங்கிய அந்நிலையினும் உயிர் காட்சிகளைக் காணும் என்றும் அவத்தை இலக்கணம் கூறும். கண்ணொளி குறைந்த முதியவர் நனவிலிருந்தே கனவினைப் போலக் காண்பது, இவ்விலக்கணம் பயின்றார்க்கு எளிதில் விளங்குவதாம். ஆனால் மூளையிற் காரணம் கண்டோம். எனவே அறிபவனாகிய உயிர் இல்லை என்று மருத்துவ நூல் பயின்றார் சிலர் முடித்தல், கண்ணாடியிற் கீறல் கண்டு, பார்ப்பவன் இல்லை என்பதனோடு ஒக்கும்.

இக்காட்சிகளை யோகக் காட்சியெனக் கொள்வாரும் பிழைபடுவர். சிவஞான சித்தியார் அளவையியலிற் கூறப்படும் யோகக் காட்சி, சமாதியால் மலத்தின் மறைப்பு நீங்கிய இடத்து உண்டாவது; பிணியுற்ற உடம்பின் தளர்ச்சியால் உண்டாவதன்று. ஆயின் அக்காட்சியால் முதியவர் உள்ளத்தெழும் ஆறுதலும் அச்சமுமோ, அவர் தாமே நுகரும் இன்பதுன்பங்கள்; தன்வேதனைக் காட்சியின்பாற் படுவன. தாயின் உருவம் உள்பொருளோ அன்றோ என்று பிறர் வழக்கிடலாம். தாயைக் கண்டேன் என்று மகிழ்ந்தவர் மகிழ்ச்சியை இல்லையென்று கூற எவர்க்கும் உரிமை இல்லை.

பின் வந்த ஆராய்ச்சி

இவ்வேற்றுமையை உணர்ந்து செய்யப்பட்டது, அமெரிக்காவின் பஃபலோ நகரத்து இறுதிநிலை நோயாளர் காப்பகத்தில் மருத்துவர் கிறிஸ்டோபர் கெர் என்பாரும் அவர் குழுவினரும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர் நோயாளர் 59 பேரை, இயன்ற அளவு நாள்தோறும் கண்டு, அவரிடமே வினவினர். சன்னியாற் கலங்கினாரைச் சேர்த்திலர். அவருட் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர், கனவிலோ நனவிலோ ஒருமுறையேனும் இத்தகைய காட்சி கண்டதாகக் கூறினர். இறுதி அணுக அணுக இறந்த சுற்றத்தாரைக் காண்டல் மிக்கது; அவரைக் கண்ட காட்சிகளே பிறவற்றினும் மிக்க ஆறுதல் தந்தன. துயர் தந்த காட்சிகளும் சில இருந்தன.

ஒரே காப்பகம், சிறு தொகை, பேச இயன்றவர் மட்டும் என்னும் குறைகள் இதற்கும் உள. ஆயினும் கண்டவரையே வினவியமையானும், அன்றன்றே எழுதியமையானும், காட்சியின் பயனைக் கூறி அதன் அப்பாலைப் பற்றி முடிபு கூறாமையானும், இது முன்னைய நூலினும் சான்றாற்றல் மிக்கது. கேட்பாரின்றி முதியவர் தம்முள் அடக்கியதைக் கேட்டமையே இவ்வாராய்ச்சியின் பெரும்பயன்.

பேணுவோர் கடமை

நூலாராய்ச்சி இம்மட்டோடு நிற்பின் பயன் சிறிதே. காட்சி கூறும் முதியவர் ஒருவர் இல்லத்தில் இருக்குங்கால் செய்வது யாது என்பதே முடிந்த வினா.

காட்சி கண்டமை கொண்டு இறப்பு உறுதியென்று கைவிடலாகாது. காட்சி கண்டபின்னும் பிழைத்தெழுந்தார் நூறு பேருக்கு மேற்பட்டோரைப் பற்றி ஓசிஸ், ஹரால்ட்சன் நூலே கூறுகின்றது. திடீரென நாட்கணக்கிலோ மணிக்கணக்கிலோ அறிவு மாறி, ஒருபோது தெளிந்தும் ஒருபோது கலங்கியும், கவனம் ஒன்றில் நில்லாதும் காணப்படின் அது சன்னியாதல் கூடும். சிறுநீர்த் தாரையிலோ நுரையீரலிலோ நோய்க்கிருமி பற்றல், உடலில் நீர் வற்றல், குருதியிற் சோடியம் என்னும் உப்பு குறைதல், சிறுநீர் கட்டுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை அதற்குக் காரணங்கள். இவற்றுட் பல தீர்க்கத்தக்கன. எமதூதர் வந்தனர் என்று எண்ணி மருத்துவரை அழையாத இல்லத்தில், சிறுநீர் நோயொன்றால் உயிர் போதலும் நேரும்.

பிள்ளைகளையும் விலங்குகளையும் திரும்பத் திரும்பக் கண்டு, நடை தளர்ந்து, கை விறைத்து, நினைவும் நாளுக்கு நாள் மாறுவாராயின், லூயி என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் மூளைத் தேய்வு நோய் ஐயுறத்தக்கது. காட்சியை அடக்கவென்று தரப்படும் ஹாலோபெரிடால் முதலிய மருந்துகள் அந்நோயாளர்க்குப் பெருந்தீங்கு செய்வன. ஆகலின் காட்சியின் இயல்பை மருத்துவர்க்கு மறையாது உரைத்தல் இன்றியமையாதது.

பார்வை குன்றிய முதியவர் லுலேனைப் போலக் காண்பாராயின், அது பித்தன்று என்று அவர்க்குத் தெளிவுறக் கூறலே பாதி மருந்து. பைத்தியமெனப் பிறர் எண்ணுவரோ என அஞ்சி, கண்டதைப் பல மாதம் வாய்திறவாது தாங்குவார் பலர். அறையில் நல்ல விளக்கும், ஏற்ற மூக்குக் கண்ணாடியும், அருகில் ஒரு துணையும் அவர்க்கு உதவும்.

தீர்க்கத்தக்க காரணம் இல்லையென்று கண்டபின், மெய்யாகவே இறுதி அணுகியிருப்பின், வழக்கிடுதல் வேண்டா. "அங்கு ஒருவரும் இல்லை" என்று மறுத்தலும், காணாததைக் கண்டதாக நடித்தலும் இரண்டும் தவறு. "யார் வந்திருக்கின்றார்? என்ன சொல்லுகின்றார்?" என்று அன்போடு கேட்டல் சாலும். விடையில் மகிழ்ச்சி தோன்றின் அதனைக் கலைக்காதிருத்தல் கடன். அச்சம் தோன்றின் கையைப் பற்றி அருகிருத்தலும், மருத்துவர்க்கு அறிவித்தலும், அவர் விரும்பிய திருமுறையை மென்குரலில் ஓதுதலும் கடன்.

"மரண வேளையில்" என்னும் நூல், இறப்பாரை உற்றுநோக்குதல் ஆராய்ச்சிக்குரிய பொருளே என்று கற்றோர்க்கு உணர்த்தியமையாற் பாராட்டுதற்குரியது. தான் கொண்ட மேற்கோளை நிறுவிற்று என்று கொள்ளுதற்கு உரியதன்று. மறுமைக்குச் சான்று தேடுவார் முதியவரின் கட்டிலை நீதிமன்றமாக்குதல் தகாது. அங்கு முதற்கண் வேண்டுவது, அவர் தாகத்திற்கு நீரும், நோய்க்கு மருத்துவமும், அவர் சொல்லுக்குச் செவியுமே.